கூடுதல் கூலி யார் பையிலிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டது இது: குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலைகள் அழியும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உயர்த்திய பல இடங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டில் எது சரி? இரண்டாவதுதான் சரி என்றால், கூலியை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கிவிட வேண்டியதுதானே?

கடைசிக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் இரண்டில் நல்ல கேள்வி அதுதான். அதற்குப் பதில் தெரியாதவருக்கு முதல் கேள்வியின் பதிலும் தெரியாது.

இந்தப் பாடத்தை வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். கரும்பலகையில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு கோடு போடுவேன்: கூலி ஏற ஏற முதலாளிகளுக்குத் தேவைப்படும் ஆட்கள் குறைவார்கள். மேல்நோக்கி ஏறும் இன்னொரு கோடு: கூலி ஏற ஏற வேலைக்கு வர விரும்புவோர் கூடுவார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி சந்தைக் கூலி. அதற்கு மேலே சட்டம் ஒரு கோடு கிழித்தால் வேலை கேட்பவர் அதிகமாகவும் கொடுப்பவர் குறைவாகவும் ஆகிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குப் பெயர் வேலையின்மை. பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். ஒரு நாள், இரவு ஷிப்டில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று எங்கள் முதலாளிக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

மழுப்பியிருக்கக் கூடாது. அந்த இரண்டு கோடுகளுக்கும் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கூலி என்பது மழையைப் போல எங்கிருந்தோ வந்து விழுகிறது, எந்த முதலாளியும் அதைத் தீர்மானிப்பதில்லை என்பதே அது. ஒருவர் சந்தைக் கூலியிலிருந்து ஒரு காசு குறைத்தாலும் அவரிடம் இருக்கும் அத்தனை பேரும் அன்று மாலையே வேறிடம் போய்விடுவார்கள் என்று கோடுகள் சொல்கின்றன. உண்மையில் ஐந்து விழுக்காடு குறைத்தால் சிலர் போவார்கள். பலர் முணுமுணுத்தபடி இருந்துவிடுவார்கள். வேறு வேலை தேட நேரம் வேண்டும், போய்வர வண்டி வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஒரு மாதம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வேண்டும். குறைந்த கூலிக்காரரிடம் இல்லாதவை எவையோ, அவைதான் இவை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கூலியை உயர்த்துவதில்லை என்று முதலாளிகளிடையே வெளியில் சொல்லாத ஓர் ஒப்பந்தம் எப்போதும் எங்கும் இருக்கிறது என்று 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். விற்பவர் ஒருவரே என்றால் ஏகபோகம். வாங்குபவர் ஒருவரே என்றால் அதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்று 1933இல் ஜோன் ராபின்சன் 'மோனாப்சனி' என்ற சொல்லைப் பொருளியலுக்குக் கொண்டுவந்தார். வாங்குபவர் ஏகபோகம் என்று தமிழில் சொல்லலாம். உழைப்பை வாங்குபவர் உண்மையிலேயே ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தொழிலாளி எளிதில் நகர முடியாவிட்டாலே போதும். சில வேளைகளில் நகர்வதற்கான வழியையே எழுத்து மூலம் அடைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய உரிமக் கிளை (ஃபிரான்சைஸ்) சங்கிலி நிறுவனங்களில் 58 விழுக்காடு, ஒரு கிளையில் இருப்பவரை இன்னொரு கிளை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்ததை 2017இல் பொருளியலாளர்கள் ஆலன் குரூகரும் ஓர்லி ஆஷன்ஃபெல்டரும் கண்டுபிடித்தார்கள். முதலாளிகளுக்கு அந்தப் புள்ளியை யாரும் சொல்லவில்லை; அதை அவர்களே நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஒருவரிடம் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு மணிக்கு 100 கூலி. எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒவ்வொருவர் உழைப்பும் அவருக்கு மணிக்கு 130 ஈட்டித் தருகிறது. பதினோராவது ஆள் வேண்டும். ஆனால் 105 கொடுத்தால்தான் வருவார். புதியவருக்கு 105 கொடுத்துவிட்டுப் பழையவர்களை 100இலேயே வைத்திருக்க முடியாது, சண்டை வரும். ஆக, பதினோராவது ஆளின் உண்மையான செலவு 105 அல்ல. 105உடன் பத்துப் பேருக்கும் ஐந்து ஐந்தாகக் கொடுக்கும் 50ஐயும் சேர்த்து 155. அவரால் வருவது 130தான். எனவே அந்த இடம் காலியாகவே கிடக்கும். 'ஆள் கிடைக்கவில்லை' என்று முதலாளி அலுத்துக்கொள்வார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் முழு வாக்கியம்.

இப்போது எல்லோருக்கும் 105 என்று சட்டம் வருகிறது. பழைய பத்துப் பேருக்கான 50 எப்படியும் போய்விட்டது. இனிப் பதினோராவது ஆளின் செலவு வெறும் 105. அவரால் 130 வருகிறது. எடுத்துக்கொள்வார். கூலியும் கூடியது, வேலையும் கூடியது. சட்டம் 120 என்று சொன்னாலும் கணக்கு தாங்கும், லாபம்தான் மெலியும். 135 என்று சொன்னால்? ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஐந்து நஷ்டம். கடை மூடப்படும், அல்லது வேறு ஏதாவது மாற வேண்டும். பாடப்புத்தகம், ஆய்வு இரண்டையும் இந்த ஒரே கணக்கில் பார்த்துவிட்டீர்கள். பாடப்புத்தகம் 135ஐப் பற்றிப் பேசுகிறது. ஆய்வுகள் பெரும்பாலும் 105ஐயும் 120ஐயும் அளந்தவை.

1946இல் குறைந்தபட்சக் கூலியைக் கடுமையாக எதிர்த்து ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இந்த வாய்ப்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. முதலாளிக்குக் கூலியின் மீது பிடி இருந்தால், சரியாகக் கணித்துவைத்த சட்டக்கூலி வேலையையும் கூட்டலாம் என்று அவர் ஏற்றார். ஆனால் அந்தச் சரியான அளவு தொழிலுக்குத் தொழில், இடத்துக்கு இடம் மாறும், எந்த அரசாலும் கணிக்க முடியாது என்று ஒதுக்கினார். அந்த வாதத்தின் பிற்பாதியை இன்றும் தள்ளிவிட முடியாது. அடுத்து வந்த பாடப்புத்தகங்கள் முற்பாதியை மறந்துவிட்டதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பிறகு 1992. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஏப்ரல் 1ஆம் தேதி மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலருக்கு உயர்த்தியது. எல்லையை ஒட்டியிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் குரூகரும் இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆட்களை எண்ணினார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் சற்றுக் கூடியேயிருந்தது. 1994இல் அது அச்சேறியதும் வந்த கோபத்தை இன்றைய மாணவர்களால் கற்பனை செய்ய முடியாது. தொலைபேசியில் கேட்டு எண்ணிய கணக்கை நம்ப முடியாது என்று டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுகணக்குப் போட்டு, வேலை குறைந்தது என்றார்கள். கார்டும் குரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு வந்து, பெரிதாக எதுவும் குறையவில்லை என்று மறுபடி காட்டினார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. குரூகர் 2019இலேயே இறந்துவிட்டார்.

ஒரே ஓர் எல்லையை வைத்துப் போடும் சண்டை ஓயாது. அதனால் டொருக் செங்கிஸ், அரிந்திரஜித் துபே உள்ளிட்ட நால்வர் 1979 முதல் 2016 வரை அமெரிக்க மாநிலங்களில் நடந்த 138 உயர்வுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். 2019இல் வெளிவந்த அந்த ஆய்வின் உத்தி அழகானது. புதிய கூலிக்குக் கீழே இருந்த வேலைகள் எத்தனை மறைந்தன, அந்தக் கூலியிலும் அதற்குச் சற்று மேலேயும் எத்தனை புதிதாகத் தோன்றின என்று தனித்தனியாக எண்ணினார்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். வேலைகள் அழியவில்லை, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன.

இத்தோடு பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. வேலை போகவில்லை என்பது சரி. அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? பணம் வானத்திலிருந்து வராது. யாரோ ஒருவர் பை மெலிந்தாக வேண்டும். எந்தப் பை என்று தேடினால்தான், அடுத்த உயர்வை அந்தப் பை தாங்குமா என்று சொல்ல முடியும்.

முதலில் வாடிக்கையாளர் பை. நியூ ஜெர்சியிலேயே உணவகங்களின் விலை ஏறியதைக் கார்டும் குரூகரும் குறித்திருக்கிறார்கள். எவ்வளவு ஏறும்? ஓர் உணவகத்தின் செலவில் கூலி மூன்றில் ஒரு பங்கு என்று வையுங்கள். கூலி பத்து விழுக்காடு கூடினால், முழுவதையும் விலையில் ஏற்றினாலும் மூன்றேகால் விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே சட்டம் என்பதால் அவரும் ஏற்றியிருப்பார். இதை நேரடியாக அளந்த ஆய்வு ஹங்கேரியிலிருந்து வந்தது. அந்த நாடு 2001இல் மாதக் குறைந்தபட்சக் கூலியை 25,500 ஃபோரிண்டிலிருந்து 40,000க்கும், மறு ஆண்டே 50,000க்கும் ஏற்றியது. நீங்கள் கிண்டலாகக் கேட்ட இரட்டிப்பை ஏறக்குறைய செய்தே பார்த்துவிட்டார்கள்! பீட்டர் ஹராஸ்தோசியும் அட்டிலா லிண்ட்னரும் நிறுவனக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்ததில், கூடுதல் சுமையில் சுமார் 75 விழுக்காட்டை வாடிக்கையாளர்களும் 25 விழுக்காட்டை உரிமையாளர்களும் ஏற்றிருந்தார்கள். வேலையிழப்பு இருந்தது, ஆனால் சிறிது.

அந்தச் 'சிறிது' எங்கே விழுந்தது என்பதுதான் முக்கியம். வெளிநாட்டுச் சந்தையில் போட்டியிட்டு விற்கும் தொழில்களில் இழப்பு அதிகம்; உள்ளூரிலேயே செய்து உள்ளூரிலேயே விற்கும் சேவைகளில் குறைவு. காரணம் எளிது. முடிவெட்டுபவரின் போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டம். ஏற்றுமதி ஆலையின் போட்டியாளர் வேறு நாட்டில் இருக்கிறார். அவருக்கு இந்தச் சட்டம் பொருட்டே அல்ல.

அமெரிக்க ஆட்சியின் கீழ் இருக்கும் அமெரிக்கன் சமோவா என்ற பசிபிக் தீவுக்கூட்டம் இதை நன்றாகவே அனுபவித்தது. அங்கே சூரை மீனைப் பதப்படுத்தி டின்னில் அடைக்கும் இரண்டு பெரிய ஆலைகள்தான் அப்போது தனியார் வேலைவாய்ப்பின் முதுகெலும்பாக இருந்தன. அங்கும் கூலி ஆண்டுக்கு 50 சென்ட் வீதம் ஏற வேண்டும் என்று 2007இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2009 செப்டம்பரில் ஓர் ஆலை மூடப்பட்டது. சுமார் 2,000 பேருக்கு வேலை போயிற்று. பிற நாட்டு மலிவுக் கூலியின் போட்டி முன்பிருந்தே நெருக்கிக்கொண்டிருந்ததால், கூலிச் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையை ஏற்ற வழியில்லாத தொழில் எப்படி முறியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அடுத்தடுத்த உயர்வுகளை நாடாளுமன்றமே பிறகு தள்ளிப்போட்டது.

வாடிக்கையாளர் பை என்று சொல்லும்போது ஒரு நெருடல் உண்டு. மலிவான உணவகத்தில் சாப்பிடுபவரும் பெரும்பாலும் குறைந்த வருமானக்காரர்தான். ஓர் ஏழை கொடுத்து இன்னோர் ஏழை வாங்குகிறார் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கூடுதல் விலை ஆயிரம் பேரிடம் துளித்துளியாகச் சிதறுகிறது, கூடுதல் கூலி சிலரிடம் குவிகிறது என்பதுதான் அதற்கு என்னால் தர முடிந்த பதில். முழுத் திருப்தியான பதில் இல்லை.

அடுத்தது உரிமையாளர் பை. பிரிட்டன் 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண்டு என்று நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தபோது, குறைந்த கூலி கொடுத்துவந்த நிறுவனங்களின் லாபம் தெளிவாகவே குறைந்தது. அதனால் அவை கூட்டமாக மூடிவிடவில்லை. அதாவது முன்பிருந்த லாபத்தில் ஒரு பகுதி, தொழிலாளியால் நகர முடியாததால் வந்த லாபம். நான் கரும்பலகையில் வரைந்த கோடுகளில் அப்படி ஒரு லாபத்துக்கு இடமே கிடையாது.

மூன்றாவது, யாருடைய பையும் இல்லை. வீணாகப் போய்க்கொண்டிருந்த பணம். குறைந்த கூலி கொடுக்கும் இடங்களில் ஆட்கள் வந்து வந்து போவார்கள். ஒருவர் விலகினால் விளம்பரம், நேர்காணல், பழக்குதல், பழகும்வரை ஆகும் தவறுகள் எல்லாம் செலவு. ஃபோர்டு கார் ஆலையில் 1913இல் சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைக்க 50,000க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்ததும் வாசலில் கூட்டம் தள்ளுமுள்ளு. ஆட்கள் விலகுவது மளமளவென்று குறைந்தது. ஹென்றி ஃபோர்டைக் கொடை வள்ளலாக்க வேண்டியதில்லை. அந்த ஐந்து டாலரை முழுதாக வாங்க வேண்டுமென்றால் தொழிலாளி குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

ஜெர்மனியின் அனுபவம் இன்னும் சுவையானது. 2015 ஜனவரி 1 முதல் மணிக்கு 8.50 யூரோ. பல லட்சம் வேலைகள் அழியும் என்று முன்கணிப்புகள் வரிசையாக வந்தன. அழியவில்லை. கிறிஸ்டியான் டஸ்ட்மான் குழு பின்தொடர்ந்து பார்த்தபோது, சில சிறிய, திறன் குறைந்த நிறுவனங்கள் மூடியிருந்தன. அங்கிருந்தவர்களில் கணிசமானோர் பெரிய, அதிகம் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு நகர்ந்திருந்தார்கள். குறைந்த கூலி இருப்பதால் மட்டுமே உயிரோடிருக்கும் நிறுவனம் ஒன்று சாகும்போது, அது பிடித்து வைத்திருந்த ஆட்கள் நல்ல இடத்துக்குப் போகிறார்கள். பொருளியலாளருக்கு இது இனிப்பான செய்தி. மூடிய கடையின் உரிமையாளருக்கு அல்ல; அவரும் பல வேளைகளில் தன் தொழிலாளியைவிடச் சற்றே மேலே இருப்பவர்தான். சுயதொழில் செய்வோர் மிகுந்த தென் கொரியாவில் இதுதான் வெடித்தது. 2018இல் 16.4 விழுக்காடு, 2019இல் மேலும் 10.9 விழுக்காடு என்று ஏற்றியபோது தெருவில் இறங்கியவர்கள் பெருமுதலாளிகள் அல்லர், சின்னக் கடைக்காரர்கள். சிறு நிறுவனங்களுக்கு அரசே மானியம் கொடுத்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2020க்குள் மணிக்கு 10,000 வோன் என்ற தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்ற முடியாது என்று அதிபர் மூன் ஜே-இன் 2018இலேயே மன்னிப்புக் கேட்டார்.

நான்காவது பை தொழிலாளியுடையதே. கூலியை ஏற்றிவிட்டு மணிகளைக் குறைத்தால், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2015, 2016இல் படிப்படியாகப் பெரிய நிறுவனங்களுக்கு 13 டாலர் வரை ஏற்றியபோது, குறைந்த கூலி வேலைகளின் மொத்த மணிநேரம் சுமார் 9 விழுக்காடு குறைந்தது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தார்கள். அதே சமயம் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்த ஆய்வு, உணவகங்களில் வேலை குறையவில்லை என்றது. முதல் ஆய்வில் பல கிளைகள் கொண்ட நிறுவனங்கள் விடுபட்டிருந்தன. நகரமே அப்போது செழித்துக்கொண்டிருந்ததால் பலர் 'குறைந்த கூலி' என்ற வரம்பைத் தாண்டி மேலே போயிருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. வாஷிங்டன் குழுவே பின்னர் தனித்தனி ஆட்களைத் தொடர்ந்து பார்த்து ஒரு முக்கியமான திருத்தம் சொன்னது: ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்கள் லாபமடைந்தார்கள், அடி வாங்கியது புதிதாக நுழைய வேண்டியவர்கள். இது எனக்கு நம்பக்கூடியதாகவே படுகிறது. இருப்பவரை அனுப்ப எந்த முதலாளியும் தயங்குவார். வராதவரை வரவிடாமல் இருக்க யாரும் தயங்குவதில்லை. வராதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது, அவர் புகாரும் செய்ய மாட்டார்.

கடைசியாக அரசின் பை. பிரான்ஸ் நீண்ட காலமாக இந்த வழியில் போகிறது: சட்டக்கூலி உயரமாக இருக்கும், ஆனால் அந்தக் கூலியை ஒட்டி வேலைக்கு எடுக்கும் முதலாளி செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்புச் சந்தாவை அரசு பெருமளவு தள்ளுபடி செய்யும். கூலி கொடுப்பது முதலாளிதான், ஒரு பகுதியைத் தாங்குவது வரி கட்டுபவர். அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு திசையில் போய், குறைந்த கூலிக்காரருக்கு வரிச்சலுகையாகவும் உதவித்தொகையாகவும் மேலே போட்டுக் கொடுக்கின்றன. பொருளியலாளர்களில் பலருக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஏழைக் குடும்பத்தைக் குறிபார்த்துக் கொடுக்கலாம் என்பார்கள். ஆனால் கூலியின் மீது பிடி வைத்திருக்கும் முதலாளி, அரசு ஒரு பங்கு கொடுக்கிறது என்று தெரிந்தால் தன் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா? அடியில் ஒரு தரை இருந்தால்தான் மேலிருந்து ஊற்றுவது ஒழுகிப் போகாது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் விவாதம் எனக்குப் புரிவதேயில்லை. ஒன்றுக்கு மற்றது தேவை.

இப்போது உங்கள் இரட்டிப்புக் கேள்விக்கு வரலாம். உயர்வு எத்தனை மடங்கு என்பதைவிட, அது நாட்டின் மற்றக் கூலிகளோடு எங்கே நிற்கிறது என்பதுதான் அளவுகோல். எல்லாத் தொழிலாளர்களையும் கூலி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் கூலியை இடைநிலைக் கூலி என்போம். சட்டக்கூலி அதில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அமெரிக்காவின் கூட்டாட்சிக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே உறைந்து கிடக்கிறது. இன்று அது இடைநிலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை இரட்டித்தாலும் பல மாநிலங்களில் நிலம் அதிராது. அங்கே உண்மைக் கூலி எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இடைநிலையில் 60 விழுக்காடு என்பதை ஒரு வழிகாட்டு அளவாக வைத்தது. பிரிட்டன் 2024க்குள் மூன்றில் இரண்டு பங்கு என்று இலக்கு வைத்து ஏறியது. இந்த அளவை ஒட்டி இருக்கும்வரை பெரிய வேலையிழப்பைப் பெரும்பாலான ஆய்வுகள் காணவில்லை. ஏற்கெனவே அங்கே நிற்கும் நாடு ஒன்று இரட்டித்தால், பாதிக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு அரசே கூலி நிர்ணயிக்கும் நிலை வரும். அதை அளந்த ஆய்வு எதுவும் கிடையாது; முன்பு போட்ட கணக்கின் 135 அங்கே இருக்கிறது. ஒரே நாட்டுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. தலைநகரில் 45 விழுக்காடாக இருக்கும் அதே தொகை, நலிந்த மாவட்டத்தில் 80 விழுக்காடாக இருக்கலாம்.

'வாழப் போதுமான கூலி' என்பது வேறு அளவுகோல். 1907இல் ஆஸ்திரேலிய நீதிபதி ஹிக்கின்ஸ், மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள சாதாரணத் தொழிலாளி நாகரிகமாக வாழ நாளுக்கு 7 ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். நெஞ்சைத் தொடும் தீர்ப்பு. ஆனால் கூலி ஆளுக்கு, தேவை குடும்பத்துக்கு. தனி ஆளுக்கும் ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கும் ஒரே கூலி எப்படிச் சரியாகும்? பெண்கள் குடும்பத்தைத் தாங்குபவர்கள் அல்லர் என்று சொல்லி, இதே தர்க்கத்தை வைத்துத்தான் அங்கே அவர்களுக்குப் பாதியை ஒட்டிய கூலியே போதும் என்று நெடுங்காலம் தீர்மானித்தார்கள். மிக ஏழைக் குடும்பங்களில் வேலைக்குப் போகும் ஆளே இருப்பதில்லை, அல்லது வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணிநேர வேலைதான் கிடைக்கிறது. மணிக் கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் மணியே இல்லாதவருக்கு என்ன பயன்? குறைந்தபட்சக் கூலியை வறுமை ஒழிப்புத் திட்டம் என்று விற்பவர்களிடம் எனக்கு இதுதான் சண்டை. அது பேரம் பேசும் பலத்தைச் சற்று மாற்றிவைக்கும் கருவி. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது.

சட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவில்லாத வேலைகளில் சட்டக்கூலி செல்லாது என்றுதான் நினைப்போம். பிரேசிலில் அதற்கு மாறாக, பதிவுச் சீட்டு இல்லாத தொழிலாளியின் கூலியும் சட்டக்கூலியைப் பார்த்தே பேசப்படுகிறது. 'கலங்கரை விளக்க விளைவு' என்று அங்கே பெயர். தென்னாப்பிரிக்காவில் 2002இல் வீட்டுவேலை செய்வோருக்குச் சட்டக்கூலி வந்தபோது கண்காணிப்பு ஏறக்குறைய பூஜ்யம். ஆனாலும் கூலி கணிசமாக ஏறியது. ஒரு தொகையை அரசு வெளிச்சம் போட்டுக் காட்டியதும், அதற்குக் கீழே கொடுப்பவருக்குக் கூச்சமும் வாங்குபவருக்குத் தைரியமும் வந்துவிடுகின்றன.

ஆனால் கூச்சம் எல்லோருக்கும் வருவதில்லை. மணிக் கூலிச் சட்டத்தைத் தொடாமலேயே அதைத் தின்ன வழிகள் உண்டு: மணியைத் துண்டுக் கூலியாக மாற்றிவிட்டு எட்டாத இலக்கு வைப்பது, சீருடைக்கும் உடைந்த சாமானுக்கும் பிடித்தம் செய்வது, தொழிலாளியைச் 'சுயதொழில் கூட்டாளி' என்று காகிதத்தில் எழுதிவிடுவது, வேலைக்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தை எண்ணாமல் விடுவது. என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவரின் கிடங்கில் கூலி சட்டப்படிதான் இருந்தது. ஷிப்ட் முடிந்தபின் திருட்டுச் சோதனைக்காக வாசலில் வரிசையில் நிற்கும் நேரம் மட்டும் கணக்கில் வராது என்று பின்னொரு நாள் சொன்னார். அமெரிக்காவில் இதே போன்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாளுக்குச் சுமார் 25 நிமிடம் காத்திருந்ததாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள். அந்த நேரத்துக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று 2014இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். எட்டு மணிநேர ஷிப்டில் 25 நிமிடம் என்றால் ஐந்து விழுக்காடு. பல நாடுகளில் ஓராண்டுக்கான கூலி உயர்வே அவ்வளவுதான்.